பனியன் போட்ட படகு

எந்தப் பனியன் துணியையும் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு தேய்ப்புத் தேய்த்தால் அதன் ஜிஎஸ்எம்மைச் சொல்லிவிடுவேன். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதுதான் ஜிஎஸ்எம். நூற்றி எண்பது என்று நான் சொன்ன துணியை வெட்டித் தராசில் வைத்தாலும் நூற்றி எண்பதுதான் காட்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். டெய்லர் பக்கத்தில் உட்கார்ந்து துணியை மடித்து எடுத்துக் கொடுக்கிற கைமடி வேலையில் தொடங்கி, வேலம்பாளையத்தில் சொந்தக் கம்பெனி போட்டு, கடல் தாண்டிச் சரக்கு அனுப்பினேன். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்கும்தான். நான் சம்பாதித்த பெருமையை நான் சொல்லாமல் வேறு யார் சொல்வார்?

அப்படிப்பட்ட நான், கடலே இல்லாத ஊரில், குடோனில் துணி மூட்டைகளை ஒதுக்கிவிட்டு ஒரு பாய்மரப் படகு செய்தேன். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில் திருப்பூரில் கையில் காசு பார்த்தவர்கள் பலரும் பலவிதமாக ஆடினார்கள். மண்டபம் கட்டினார்கள், வெளிநாட்டு நாய் வளர்த்தார்கள். படகு செய்தவன் நான் ஒருவன்தான். ஆடுவதற்காகச் செய்யவில்லை.

என் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் நின்றுபோயிருந்தன. வாரத்துக்கு இரண்டு தடவை கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போய் ரத்தத்தைச் சுத்தம் செய்து கூட்டி வருவோம். இதயமும் தளர்ந்துவிட்டது, மாற்று அறுவையை உடம்பு தாங்காது என்று டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். ஒரு நாளைக்கு அவள் குடிக்க அளந்து வைத்த தண்ணீர் ஒரு சின்னச் சொம்பு. மாத்திரைக்கும் அதுதான், தாகத்துக்கும் அதுதான். உடம்பெல்லாம் ஓயாத அரிப்பு வேறு. தலை வாருகிற சீப்பால் முதுகைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருப்பாள்.

ஒரு நாள் மருத்துவமனையிலிருந்து திரும்பும்போது காரில் சொன்னாள்.

“ஏனுங்க, கன்னிமாருக்கு ஒரு பொங்கல் நேந்தது நிக்குதுங்க.”

“கரை மேல புதுக்கோயல் இருக்குதல்ல? நாளைக்கே வெச்சறலாம்.”

“நேந்தது அங்கயில்லீங்க. கரட்டு மேல. கரையில இருக்கறது ஒரு கைப்பிடி மண்ணுங்க. அவங்க ஏழு பேரும் கரட்டு மேலதான் உக்காந்திருக்கறாங்க.”

விஷயம் இதுதான். கம்பெனி போட்ட புதிதில் எனக்கு மஞ்சள் காமாலை முற்றிப்போய், ஆள் தேறமாட்டான் என்று சொந்தபந்தமெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அப்போது அவள் தன் பிறந்த ஊருக்குப் போய், நொய்யல் ஆற்றங்கரையோரக் கரட்டில், பாறைமேட்டில், இருந்த ஏழு கன்னிமார் கல்லின் முன்னால் விழுந்து, புருஷன் எழுந்து உட்கார்ந்தால் என் கையால் பொங்கல் வைக்கிறேன் என்று நேர்ந்துகொண்டாள். நான் எழுந்து உட்கார்ந்தேன். உட்கார்ந்தவன் ஓட ஆரம்பித்தேன். பொங்கலுக்கு நாள் குறிக்கும்போதெல்லாம் ஒரு ஷிப்மெண்ட் குறுக்கே வந்தது. பிறகு ஆற்றில் அணை வந்தது. தண்ணீர் ஏறி, கரடு தீவாகிவிட்டது. ஊர்க்காரர்கள் பிடிமண் எடுத்துவந்து கரையில் புதுக்கோயில் கட்டிக்கொண்டார்கள். கொஞ்ச காலம் மீன் பிடிக்கிறவர்கள் பரிசலில் ஆட்களைக் கரட்டுக்குக் கூட்டிப்போனார்கள். பிறகு ஆற்றில் தண்ணீருக்குப் பதில் சாயம் வர ஆரம்பித்தது. மீன் செத்தது. பரிசல்காரர்கள் வேறு பிழைப்புக்குப் போய்விட்டார்கள்.

போய்ப் பார்த்தேன். அணைக்கட்டின் மேற்குக் கரையில் மனைவியின் தம்பி, என் மச்சினனின் தோட்டம் இருந்தது. அவனுடைய தென்னைகள் எல்லாம் மட்டை கருகி மொட்டையாக நின்றன. மாடுகளை விற்றுவிட்டிருந்தான். கரையோரம் ஒரு முழ உயரத்துக்கு நுரை. நாற்றம் தொண்டையில் போய் உட்கார்ந்துகொண்டது. அவன் என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய் எட்டிப் பார்க்கச் சொன்னான்.

“மாமா, வெளிநாட்டுல இந்த சீசனுக்கு நேவி புளூங்களா?”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“எங்க கெணறு சொல்லுதுங்க. போன வருசம் மெரூன் ஓடுச்சு. உங்களுக்கு ஃபேக்ஸ் வாறதுக்கு மின்னால எங்களுக்குக் கலர் வந்துருதுங்க.”

எனக்குச் சாயப்பட்டறை கிடையாது. ஆனால் நேவி புளூ வேண்டும் என்று ஆர்டர் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? ஊரே அதில்தான் சோறு தின்றது.

கரடு அங்கிருந்து கிழக்கே தெரிந்தது. பட்டுப்போன ஒரு வேலமரம், அதன் அடியில் வெள்ளையாக ஏதோ. கூப்பிடு தூரத்தைப் போல இரண்டு மடங்கு இருக்கும். மச்சினனின் தோட்டத்துச் சாளை வீட்டில் பழைய பரிசல் ஒன்று தொங்கியது. மூங்கில் எல்லாம் சரிதான். ஆனால் பரிசலில் காலை மடக்கிக் குத்தவைத்துத்தான் உட்கார வேண்டும். என் மனைவியின் கால்கள் வீங்கி மடங்காமல் போய் மாதங்கள் ஆகியிருந்தன. அவள் படுத்துக்கொண்டு போகிற மாதிரி ஒன்று வேண்டும். கரையோரச் சேற்றில் இரண்டு பேர் தூக்கி நடக்கிற அளவுக்கு அது இலேசாகவும் இருக்க வேண்டும். மோட்டார் வைத்தால் விசிறியில் சேறும் பிளாஸ்டிக் பையும் சுற்றிக்கொள்ளும். துடுப்புப் போட எனக்குத் தோள் சரியில்லை.

ஆனால் காற்று இருந்தது. எங்கள் சீமையில் பணக்காரன் ஏழை பார்க்காமல் அடிப்பது மேற்குக் காற்று ஒன்றுதான். ஆடியில் அம்மியும் பறக்கும் என்பார்கள். என் மனைவி அப்போது அம்மியை விடக் கொஞ்சம்தான் கனம். மேல்கரையில் பாயை விரித்தால் காற்றே கரட்டில் கொண்டுபோய் விடும். திரும்பி வர, கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்துக்கொள்ளலாம். போகக் காற்று, வரக் கயிறு. இந்தத் திட்டத்தைப் போடுவதற்கு எனக்கு ஒரு டீ குடிக்கிற நேரம்தான் ஆயிற்று.

படகு கட்டுகிற முறையை எனக்குச் சொன்னவர், என்னிடம் டி-ஷர்ட் வாங்கிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரர். தன் வீட்டுக் கார் ஷெட்டில் தானே கட்டிய படகின் படங்களை முன்பே ஒரு முறை காட்டியிருந்தார். இப்போது அடுத்த சீசன் சாம்பிள் பார்க்க வந்தவரை உட்கார வைத்து, வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கிற எங்கள் மெர்ச்சண்டைசரை நடுவில் மொழிபெயர்க்க விட்டு, எல்லாவற்றையும் கறந்துவிட்டேன். மெல்லிய பிளைவுட்டை வெட்ட வேண்டும். ஓரங்களில் துளை போட்டுச் செம்புக் கம்பியால் ஒன்றோடொன்று தைக்க வேண்டும். தையலின் மேல் ரெசின் பசையைக் கெட்டியாகக் குழைத்துப் பூச வேண்டும். காய்ந்ததும் மேலே கண்ணாடி இழைத் துணியை ஒட்டி, அதற்கும் ரெசின் ஊட்ட வேண்டும்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முன்பாகம், பின்பாகம், இரண்டு கை. வெட்டி, தைத்து, ஓரத்துக்கு ஓவர்லாக் தையல் அடித்தால் பனியன். இவர் சொல்வதும் அதேதானே?

அட்டையில் பேட்டர்ன் போட்டேன். அடிப்பாகம் இரண்டு, பக்கம் இரண்டு, பின்னால் ஒரு தடுப்பு. பனியன் அளவுக்குச் சின்னதாக வெட்டி, நூலால் தைத்துப் பார்த்துத் திருத்தினேன். கழுத்து வளைவை ஒரு வெட்டில் போடுகிற கைக்குப் படகின் மூக்கு வளைவு ஒரு விஷயமா? தேக்கு கனம் என்று தள்ளினேன். இரும்புத் தகடு சாயத் தண்ணீர் உப்பில் ஒரே மாதத்தில் பொரிந்துவிடும். தண்ணீர் தாங்குகிற மரைன் பிளைவுட்டில் அடிக்கு ஆறு மில்லிமீட்டர், பக்கத்துக்கு நான்கு என்று எடுத்தேன். எரிந்துபோன மோட்டார் காயிலைப் பிரித்துச் செம்புக் கம்பி எடுத்தேன். ஸ்க்ரூ எல்லாம் பித்தளை. மிதப்புக்கு இரண்டு முனையிலும் பேக்கிங் தெர்மாகோல். பாய்மரத்துக்கு மூங்கில்.

பாய்க்கு என்ன துணி என்பதில் மட்டும் கொஞ்சம் அலைந்தேன். பனியன் துணி காற்றில் தொப்பை போடும், அது எனக்கே தெரியும். சோமனூர் விசைத்தறிக் காடாத் துணி நன்றாக நின்றது, ஆனால் நனைந்தால் கல் கனம். கடைசியில் மழைக்கோட்டுத் தைக்கிற நைலான் துணி, எங்கள் பக்கத்தில் பாராசூட் துணி என்போம், அதை வாங்கி, இரட்டைத் தையல் போட்டு நானே மெஷினில் ஓட்டினேன். வருடக்கணக்கில் மெஷினில் உட்காராதவன் உட்கார்ந்ததும் டெய்லர்கள் எல்லாம் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். தையல் நூல் பிடித்தாற்போலப் போனது.

ரெசின் வேலைக்கு ஓர் ஆள் வைத்துக்கொண்டேன். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரர், கிறிஸ்தவர். சாயப்பட்டறைகளுக்கு ஃபைபர் தொட்டி செய்து கொடுத்துக்கொண்டிருந்தார். தன் அப்பா காலத்திலிருந்து வள்ளம் கட்டுகிற குடும்பம் என்று முதல் நாளே ஆரம்பித்துவிட்டார். பேச்சில் எனக்குக் குறைந்தவர் இல்லை.

“மொதலாளி, இத்தனூண்டு பலகைய வச்சா படகு கட்டுதீய? எங்கூர்ல இதுல சவப்பெட்டி கூடச் செய்ய மாட்டான்.”

“உங்க ஊருல கடலு. எனக்கு இது குட்டை. ரெண்டு பேரு தூக்கோணும், அவ்வளவுதான்.”

“தூக்கிருவிய. அது உங்களத் தூக்கணும்லா?”

பசையைக் கெட்டியாக்க அவர் சாக்பீஸ் மாவு மாதிரி ஏதோ கொண்டுவந்தார். அது கனம் என்று சொல்லி, எங்கள் நிட்டிங் மெஷின்களுக்கு அடியில் சேர்கிற பஞ்சுத் தூசை ஒரு சாக்கு அள்ளிக் கொடுத்தேன். ரெசினில் குழைத்தால் வெண்ணெய் மாதிரி வந்தது. காய்ந்த பிறகு சுத்தியலால் அடித்தும் தையல் விடவில்லை. அப்புறம் அவரே தன் பட்டறைக்கு என்னிடம் பஞ்சுத் தூசு கேட்டு வாங்கிப் போனார். இதை அவர் யாரிடமும் சொல்லியிருக்கமாட்டார். அதனால் நான் சொல்கிறேன்.

தகராறு வந்தது மேலே ஒட்டுகிற துணியில்தான். அவர் கண்ணாடி இழைத் துணியைக் கொண்டுவந்து விரித்தார். தொட்டேன். கையெல்லாம் அரித்தது. அன்று முழுக்க அரித்தது. ஏற்கனவே தோலைக் கிழித்துக்கொள்ளாத குறையாக இருக்கிறவளை இதன் மேலா படுக்க வைப்பது?

“ரெசின் காஞ்சா அரிக்காது மொதலாளி. தேச்சு விட்டா வழுவழுன்னு ஆயிரும்.”

“துணியப் பத்தி எனக்குச் சொல்லாதீங்க. பனியன் துணி போடறோம். பருத்தி. மூலை முடுக்குல சுருக்கம் விழாம ஒட்டும். ரெசின் குடிச்சா அதுவும் கல்லு மாதிரி ஆயிரும்.”

“துணி உங்க துணி, படகு உங்க படகு. தண்ணி மட்டும் யாருக்கும் சொந்தமில்ல பாத்துக்கிடுங்க.”

இருந்ததிலேயே நல்ல துணியை எடுத்தேன். ஏற்றுமதிக்கு என்று சாயம் போட்டு, சிலிக்கான் சாஃப்ட்னர் கொடுத்து, கன்னத்தில் வைத்தால் குழந்தைத் தோல் மாதிரி வழுக்குகிற வெளிர் நீலத் துணி. அவளுக்குச் செய்கிற படகுக்குக் கழிசல் துணியா போடுவேன்? உருளையால் ரெசினை ஊட்டி, உள்ளேயும் வெளியேயும் ஒட்டினோம். பார்க்க அவ்வளவு அழகு. அவளைக் காரில் கூட்டிவந்து குடோனில் நாற்காலி போட்டு உட்கார வைத்துக் காட்டினேன்.

சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “ஏனுங்க, கடைசில படகுக்கும் பனியன் போட்டு உட்டுட்டீங்களா?”

ஃபைபர்காரர் அடக்கமாட்டாமல் சிரித்தார். நானும் சிரித்தேன். அவள் சிரித்து அந்த வருடம் நான் பார்த்தது அதுதான்.

வெள்ளோட்டம் பார்க்க டெம்போவில் ஏற்றி மச்சினன் தோட்டத்துக்குக் கொண்டுபோனோம். நானும் மச்சினனும் இரண்டு முனையையும் பிடித்துக் கரையோரச் சேற்றைத் தாண்டித் தூக்கிப் போனோம். மாட்டுத் தொட்டி அளவு கனம் கூட இல்லை. மனைவியின் எடைக்கு இரண்டு மூட்டை மணலை வைத்து, பாயை ஏற்றினோம். காற்றுப் பிடித்ததும் நாய் கயிற்றை இழுப்பது போல இழுத்தது. மச்சினனுக்கே முகம் மாறிவிட்டது.

“மாமா, நெசமாலுமே போகுதுங்க!”

“பின்ன? வேடிக்கைக்கா செஞ்சேன்?”

கொஞ்ச தூரம் போய்க் கயிற்றைப் பிடித்துத் திரும்பினோம். மறுபடி போனோம். மூன்றாவது தடவை படகு முக்க ஆரம்பித்தது. காற்று இருந்தும் நகரவில்லை. மச்சினன் கையை விட்டு அடியைத் தடவினான். கையோடு ஒரு பெரிய கொப்புளம் மாதிரி துணி வந்தது. அடித்துணி முழுக்கப் பலகையை விட்டுக் கழன்று, உள்ளே தண்ணீர் புகுந்து, பை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. ரெசின் துணியோடு சேர்ந்து, பாம்புச் சட்டை மாதிரி ஒரே இழுப்பில் உரிந்தது. பலகை ஓரங்கள் தண்ணீர் குடித்து உப்ப ஆரம்பித்திருந்தன. இடுப்பளவு சாயத் தண்ணீரில் இறங்கித் தள்ளிக்கொண்டு கரைக்கு வந்தோம். மச்சினனுக்குக் காலில் கொப்புளம் போட்டு வெகுநாள் ஆறவில்லை.

“உங்க பனியனு எங்க தண்ணியிலயே நிக்க மாட்டேங்குதுங்களே மாமா” என்றான். அன்றைக்கு அவனை அடிக்காமல் வந்தது என் பொறுமை.

வீட்டுக்கு வந்து உரிந்த துணியை மனைவியின் முன்னால் போட்டேன். ரெசின் சரியில்லை, ஃபைபர்காரன் அதை இறுக வைக்கிற ஹார்டனரைக் குறைத்துவிட்டான், பலகையில் ஈரம் என்று கத்தினேன். அவள் அந்தத் துணியை எடுத்துப் பின்பக்கம் தடவினாள். பிறகு அளந்து வைத்த சொம்பிலிருந்து விரலை நனைத்து, ரெசின் படாத ஒரு மூலையில் ஒரு சொட்டு வைத்தாள். சொட்டு தாமரை இலையில் நிற்பது போல நின்றது.

“உங்க கம்பெனித் துணிய அடுப்படியில தொடைக்கப் போட்டா தண்ணியத் தள்ளிக்கிட்டுத்தான் போகுமுங்க, குடிக்காது. எத்தன தடவ சொல்லியிருக்கறேன்? தண்ணியவே குடிக்காதது பசைய எப்படீங்க குடிக்கும்?”

சாஃப்ட்னர். கையில் வழுக்க வேண்டும் என்று காசு கொடுத்து நான் போடச் சொன்ன வழுவழுப்பு. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் நானே கண்டுபிடித்திருப்பேன், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அவள்தான் கண்டுபிடித்தாள். அந்த ஒரு சொட்டு, அவளுடைய அன்றைய அளவில் போனது.

பலகைகளைச் சுரண்டி, வெயிலில் உலர்த்தி, உப்பிய அடிப்பாகத்தைப் பிரித்துப் புதிதாக வெட்டித் தைத்தோம். வெளியே இரண்டு சுற்றுக் கண்ணாடி இழை, ஃபைபர்காரர் சொன்னபடி. உள்ளே கண்ணாடி வேண்டாம் என்று வெறும் ரெசினை மூன்று பூச்சுப் பூசினேன். மிச்சம் இருந்த அந்த வெளிர் நீலத் துணியில் பஞ்சு அடைத்து மெத்தை தைத்தேன். அதற்குத்தான் அந்தத் துணி லாயக்கு. இந்த வேலைகளுக்கு நடுவில் அவளுக்கு மூச்சுத் திணறல் வந்து மருத்துவமனையில் கிடந்தாள். ஆடி போயிற்று, ஆவணியும் போயிற்று. காற்றுத் தணிந்துகொண்டிருந்தது. ரெசின் வாசம் போவதற்குள் மச்சினன் போன் செய்தான்.

“மாமா, மதகத் தொறந்துட்டாங்க. சாயத் தண்ணிய வெளிய உடச் சொல்லி உத்தரவாம். சர்ருனு எறங்குதுங்க.”

“எவ்வளவு எறங்கியிருக்குது?”

“கரைக்கும் தண்ணிக்கும் நடுவால இப்பவே ஒரு சோளக்காட்டு அகலம் சேறு கெடக்குதுங்க.”

வருடக்கணக்காக நிறைந்து கிடந்த தண்ணீர், படகு முடிந்த வாரத்தில் போகிறது. மறுநாள் அவளுக்கு ரத்தம் சுத்தம் செய்கிற நாள். அதை முடித்து, அதற்கு அடுத்த நாள் காலை கிளம்பினோம். டாக்டரிடம் சொல்லவில்லை. வெண்கலப் பானை, அரிசி, வெல்லம், விறகு, தீப்பெட்டி, ஏழு துண்டுச் சேலைத் துணி, ஒரு வாட்டர் கேன் நல்ல தண்ணீர். ஃபைபர்காரரும் கூட வந்தார். கூலி கேட்கவில்லை.

கரைக்குப் போய் நின்றோம். தண்ணீர் இல்லை. கரைக்கும் கரட்டுக்கும் நடுவில் கறுப்பாகச் சேறு, மேலே நீலமும் ஊதாவுமாக எண்ணெய் மினுக்கம். தூரத்தில் ஒரு வாய்க்கால் அகலத்துக்கு மட்டும் ஏதோ ஓடியது. படகு மிதக்க ஆழம் இல்லை, ஆள் நடக்கத் தரை இல்லை. மச்சினன் ஒரு கல்லைத் தூக்கிப் போட்டான். சத்தமே இல்லாமல் உள்ளே போயிற்று.

“திரும்பிருவோம் மாமா. அக்காவ வெச்சுக்கிட்டு வெளையாட முடியாதுங்க.”

அவள் காரில் இருந்தபடியே பார்த்தாள். திரும்பலாம் என்று சொல்லியிருந்தால் நான் திரும்பியிருப்பேன்.

அவளைத் தூக்கிக்கொண்டு போய்ப் படகில் மெத்தை மேல் படுக்க வைத்தேன். தொட்டால் எடை சொல்கிற கை இது. அன்று அது சொன்ன எடையை நான் யாரிடமும் சொன்னதில்லை. மூன்று பேரும் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தள்ளினோம். முதல் அடியிலேயே தொடை வரை புதைந்தது. ஆனால் படகு புதையவில்லை. அடிப்பக்கம் வழுக்கிக்கொண்டு சேற்றின் மேலேயே போயிற்று. விளிம்பில் நெஞ்சைச் சாய்த்துக்கொண்டு காலைப் பிடுங்கிப் பிடுங்கி உதைத்தோம். “பாயை ஏத்துங்க மொதலாளி, வாறது கொஞ்சக் காத்து, அதயும் விடுவானேன்” என்று ஃபைபர்காரர் கத்தினார். ஏற்றினேன். செத்த காற்றுதான். இருந்தாலும் ஒரு கை கொடுத்தது. தேக்கில் செய்திருந்தால் அங்கேயே எல்லோருக்கும் சமாதி. கரையில் நின்று பார்த்தவர்கள், ஒரு பைத்தியம் சேற்றில் கப்பல் ஓட்டுகிறது என்றுதான் நினைத்திருப்பார்கள்.

கரட்டை அடைந்தபோது எங்கள் மூன்று பேரையும் யார் யார் என்று அடையாளம் தெரியாது. அவள் மேல் மட்டும் ஒரு சொட்டுச் சேறு படவில்லை.

வேலமரத்தடியில் ஏழு கற்கள். வருடா வருடம் மழைக்காலத்து வெள்ளம் அதுவரை ஏறி இறங்கி, அடியில் கறுப்பும் நடுவில் செங்காவியும் மேலே உப்பு வெள்ளையுமாக, கலர் கார்டு மாதிரி அடுக்கடுக்காகப் படிந்திருந்தது. அவளைக் கற்களுக்கு முன்னால் உட்கார வைத்தேன். ஒவ்வொரு கல்லாகப் பார்த்துவிட்டுக் கையை நீட்டினாள்.

“கேனக் குடுங்க.”

“பொங்கலுக்கு அளவாத்தான் இருக்குது.”

“குடுங்க. இந்தக் கோலத்துல அவங்க முன்னால அடுப்புப் பத்த வெக்கறதுங்களா?”

முதல் கல்லின் மேல் தண்ணீர் ஊற்றி, உள்ளங்கையால் தேய்த்தாள். சேலைத் துணியால் துடைத்தாள். சாயம் போகவில்லை. கல்லுக்குள் இறங்கிவிட்டிருந்தது. இன்னும் ஊற்றினாள். அடுத்த கல். நான் தேய்த்துக் கொடுக்கிறேன் என்று குனிந்தேன். கையைத் தட்டிவிட்டாள். ஏழாவது கல்லுக்கு வரும்போது கேனில் அடித்தண்ணீர்தான் இருந்தது. அதை ஊற்றவில்லை. கேனைச் சாய்த்துக் கையில் பிடித்து, என்னைப் பார்த்துக்கொண்டே குடித்தாள். அன்றைக்கு அவளுக்கு விதித்த அளவை விட அது அதிகம். நான் தடுக்கவில்லை.

“பொங்கல்?” என்றேன்.

“தண்ணி ஏதுங்க?” ஏழாவது கல்லை வெறும் சேலைத் துணியால் ஒரு தடவை துடைத்தாள். “குளிப்பாட்டவே பத்துல. கெளம்பலாமுங்க.”

திரும்பி வரும்போது மச்சினன் அழுதுகொண்டே தள்ளினான். அவனை அழாதே என்று அவள்தான் படகிலிருந்து அதட்டினாள்.

தைப் பொங்கலுக்குள் போய்விட்டாள். நேர்ந்த பொங்கலை நான் வைக்கட்டுமா என்று ஒரு முறை அவளிடம் கேட்டிருந்தேன். “நேந்தவ கையாலதானுங்க வெக்கோணும்” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “ஆனா உங்களுக்காவ நேந்ததுதானே” என்றும் சொன்னாள். இரண்டில் எது முடிவு என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

படகை மச்சினன் தோட்டத்திலேயே விட்டுவிட்டேன். பாயை அவிழ்த்து, மரத்தைக் கழற்றி, வாசலில் ஓட்டுத் தாழ்வார நுனிக்கு நேர் கீழே வைத்துக்கொண்டான். கிணறு இன்னும் நிறமாகத்தான் இருந்தது. அடுத்து வந்த கோடை மழையில் தாழ்வாரத்துத் தண்ணீர் முழுவதும் படகில் நிறைந்தது. அவன் அதை மூடி வைத்துக் குடிக்கவும் சமைக்கவும் எடுத்தான். தண்ணீர் உள்ளே வராமல் இருக்கச் செய்த படகு. தண்ணீர் வெளியே போகாமலும் வைத்துக்கொண்டது. ஒரு சொட்டு ஒழுகவில்லை. வேண்டுமானால் போய்ப் பார்க்கலாம்.

சித்திரை வெயிலில் சேறு காய்ந்து பாளம் பாளமாக வெடித்துவிட்டது. நானும் மச்சினனும் படகுத் தண்ணீரை ஒரு குடத்தில் மொண்டுகொண்டு கரட்டுக்குப் போனோம். செருப்புப் போட்டுக்கொண்டு, பேசிக்கொண்டே நடந்து போனோம். ஒரு பீடி பிடித்து முடிவதற்குள் கரடு வந்துவிட்டது.

அடுப்பு மூட்டி அரிசி போட்டேன். வாழ்க்கையில் நான் வைத்த முதல் பொங்கல். பொங்கி வழிந்தபோது பொங்கலோ பொங்கல் என்று சத்தம் போட வேண்டும். மச்சினன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். அது தானாக வழிந்து அடங்கியது. ஏழு கல்லுக்கும் இலை போட்டு வைத்துவிட்டு, ஆளுக்கு ஒரு கை எடுத்து வாயில் போட்டோம்.

“மாமா, பொங்கல்லயும் பெயிண்டு வாசம் அடிக்குதுங்க.”

ரெசின் வாசம். மழைத் தண்ணீரில் இறங்கியிருந்தது.

“சாப்புடு மாப்பிள்ள” என்றேன்.